வாசகர் கேள்வி பதில்: எறும்பு வளர்க்கிற பூஞ்சை மண்ணுக்குள்ள பரவுமா?

கேள்வி: இலைவெட்டி எறும்பு இலைய நேரா தின்னாம, அதை வச்சு பூஞ்சை வளர்த்து சாப்பிடுதுன்னு படிச்சேன். அப்போ புத்தை சுத்தியிருக்கிற மண்ணு பூரா அந்த பூஞ்சைதான் இருக்குமா?

பதில்: இருக்காதுங்க. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ்னு சொல்ற இந்த எறும்புங்க அமெரிக்க கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு, அதுங்க வளர்க்கிறது பெரும்பாலும் லூக்கோஅகாரிகஸ் காங்கிலோஃபோரஸ்ங்கிற ஒரே பூஞ்சை, அதுவும் எறும்போட கவனிப்பு இல்லன்னா வெளிமண்ணுல தாக்குப்பிடிக்காது. புது ராணி கூட்டை விட்டு பறக்கிறப்போ விதைநெல் மாதிரி ஒரு துணுக்கை வாய்க்குள்ள ஒரு சின்ன பையில வச்சுட்டுதான் கிளம்பும்.

புத்துக்குள்ள இருக்கிற பூஞ்சை தோட்டத்தை கிட்ட போய் பார்த்தா சாம்பல் கலந்த வெள்ளையில ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், இழை நுனியில குட்டி குட்டியா உருண்டைங்க வீங்கி நிக்கும், அதைத்தான் எறும்புங்க கிள்ளி தங்களோட குஞ்சு புழுக்களுக்கு ஊட்டுது. சின்ன எறும்புங்க இழை இழையா நக்கி சுத்தம் பண்ணிட்டே இருக்கும், எஸ்கோவாப்சிஸ் மாதிரி ஒட்டுண்ணி பூஞ்சை தொத்தின இடத்தை பிச்சு எறிஞ்சிடும். அக்ரோமிர்மெக்ஸ் உடம்புல மாவு பூசின மாதிரி தெரியுதே, அது அழுக்கு இல்ல பாக்டீரியா, அது சுரக்கிற மருந்து எஸ்கோவாப்சிஸை அடக்குதுன்னு ஆராய்ச்சியாளர் கேமரூன் கரியும் அவர்கூட வேலை பார்த்தவங்களும் 1999ல காட்டினாங்க. இவ்ளோ களையெடுத்தா உள்ள வேற பூஞ்சைக்கு ஏது இடம்!

மத்த பூஞ்சைங்க கூட்டமா இருக்கிறது குப்பையிலதான். சத்து தீர்ந்த இலைச்சக்கை, செத்த எறும்பு, நோய் பட்ட தோட்டத்துண்டு எல்லாம் அங்கதான் போகுது, டிரைக்கோடெர்மா, ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ்னு மண்ணுல சாதாரணமா இருக்கிறதுங்க அங்க செழிப்பா வளரும். அட்டா கொலம்பிகா குப்பையை வெளிய கொண்டுபோய் கொட்டும், அட்டாவுல மத்ததுங்க பெரும்பாலும் நிலத்துக்கடியில தனி அறைல போடும். சில இனத்துல குப்பை வேலைக்குன்னே தனி ஆளுங்க, அதுங்க தோட்டத்து பக்கம் வந்தா மத்ததுங்க கடிச்சு விரட்டும், அவ்ளோ பயம் நோய் தொத்திடும்னு.

இதுல நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது என்னன்னா புத்து மண்ணுன்னு மொத்தமா ஒண்ணு கிடையாது. புத்து மேல குவிஞ்சிருக்கிறது ஆழத்துலேர்ந்து தோண்டி வெளிய தள்ளின அடிமண்ணு, அதுல மக்கு கம்மி. குப்பை சேர்ற இடத்துலயோ நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகம், பக்கத்து மரத்தோட வேரெல்லாம் அதை தேடி வந்துடும். சில மீட்டர் தள்ளித்தான் ரெண்டும் இருக்கு, ஆனா பூஞ்சை கூட்டம் வேற வேற. அதனால இலைவெட்டி புத்து மண்ணுல இன்ன பூஞ்சை இருக்குன்னு யாராவது சொன்னா, மண்ணை எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க.

கேள்வி: எறும்பு விவசாயம் பண்ணுதுன்னு முதல்ல சொன்னது யாருங்க?

பதில்: தாமஸ் பெல்ட். நிகரகுவால சுரங்க இன்ஜினியரா இருந்தவர், 1874லயே எழுதிட்டார். அதுக்கு முன்னாடி அமேசான்ல சுத்தின ஹென்றி பேட்ஸ் மாதிரி பெரிய இயற்கை ஆராய்ச்சியாளருங்களே, எறும்பு புத்துக்கு கூரை வேயத்தான் இலை கொண்டு போகுதுன்னு நினைச்சிருந்தாங்க. பெல்ட் புத்தை தோண்டி உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்தார்.