மனோராவுக்கு இருபது மூட்டை சிமென்ட்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் பிள்ளைகளை மல்லிப்பட்டினம் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரத்துக்கு அழைத்துப்போக இருக்கிறோம். எந்த நேரத்தில் போகலாம்? மேலே ஏற விடுவார்களா? உச்சியிலிருந்து இலங்கை தெரியுமா? வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்கிறார்களே, சரிதானா? போன தடவை பார்த்தபோது அடிச்சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கோடியக்கரையில் சோழர் கலங்கரை விளக்கம் கவனிப்பாரின்றிப் போனதுபோல் இதுவும் போய்விடக் கூடாது என்று நண்பர்கள் சேர்ந்து இருபது மூட்டை சிமென்டுக்குப் பணம் திரட்டி வைத்திருக்கிறோம். யாரிடம் கொடுப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள தம்பி,

இலங்கை தெரியாது. மனோரா சுமார் 23 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கடல் விளிம்பு 18 கிலோமீட்டர் சுமாருக்குள் முடிந்துவிடும். யாழ்ப்பாணம் அதற்கு வெகு தூரம் அப்பால். வாட்டர்லூவும் இல்லை. அதைக் கட்டிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி வைத்த கல்வெட்டு நெப்போலியன் போனபார்ட்டின் வீழ்ச்சியைச் சொல்கிறது, ஆண்டு 1814. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்தாரே, அந்தச் செய்திதான் கல்லில் ஏறியிருக்கிறது. மேலே ஏறுவது அன்றைக்கு அங்கே காவலில் இருப்பவர் சொல்வதைப் பொறுத்தது. படியை மூடியிருந்தால் அவரோடு வம்பு வளர்க்காதீர்கள்.

கோடியக்கரையை இதில் இழுக்க வேண்டாம். கடலோரத்தில் மிஞ்சியிருந்த அந்தச் செங்கல் இடிபாட்டை முடித்தது 2004 டிசம்பர் 26 சுனாமி அலை. உங்கள் சிமென்ட் அதைத் தடுத்திருக்காது.

சிமென்டுக்கு வருகிறேன். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஊர்க் கட்டடத்துக்குக் கைக்காசு போட முன்வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆனால் அந்த இருபது மூட்டையில் ஒரு மூட்டைகூட மனோரா பக்கம் போகக் கூடாது. நம் டெல்டாவில் பழைய செங்கல் கட்டடங்களை மழையும் புயலும் கெடுத்ததற்குக் குறையாமல், நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்டும் கெடுத்திருக்கிறது. கோயில் திருப்பணி, சத்திரம், அக்கிரகாரத்து வீடு என்று எங்கே பார்த்தாலும் இதே கதை. எத்தனை முறை சொன்னாலும் "சிமென்ட்தானே கெட்டி" என்கிறார்கள். அந்தக் கெட்டிதான் வினை.

மனோரா செங்கல்லும் சுண்ணாம்பும். கடற்கரை மண்ணிலிருந்து உப்புத் தண்ணீர் செங்கல் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும், சாதாரணமாக இடுப்பு, நெஞ்சு உயரம் வரை. வடக்கிருந்து வாடை அடித்தாலும் தெற்கிருந்து சோழகம் அடித்தாலும் காற்றோடு உப்பு வந்து சுவரில் படியும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பும் காரையிலேயே பூத்து, காரையோடு உதிரும். ஆக நீங்கள் பார்த்த உதிர்ந்த காரை, செங்கல்லுக்காகத் தன்னைக் கொடுத்த காரை. அது அதன் வேலை. சில வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகப் பூசினால் போதும்.

அதன்மேல் சிமென்ட் பூசுவது, வியர்த்த உடம்பில் ரெக்சின் சட்டை மாட்டுவது. ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபடும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் தோலுக்குள் படிகமாகும். படிகம் வளரும்போது செங்கல்லை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். ஒருநாள் சிமென்ட் பலகை பலகையாகக் கழன்று விழும், செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. சுட்ட மேல்தோல் போன செங்கல் அப்புறம் விரலால் தேய்த்தாலே மாவாகும். போதாததற்கு, கீழே அடைபட்ட ஈரம் சும்மா இருக்காது, பூச்சு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே ஏறும். மூன்றடிக்கு சிமென்ட் பட்டை அடித்த எந்தப் பழைய சுவரையும் போய்ப் பாருங்கள், பட்டைக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உடனே கொத்தனார் பட்டையை ஐந்தடியாக உயர்த்துவார். இனாமல் பெயின்டும் இதே பாவத்தைத்தான் செய்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பூத்த உப்பை உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டிப் பெருக்கி, முறத்தில் வாரி, தூரக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போகும். இணைப்புகளில் செத்த காரையை முக்கால் அங்குலம் ஆழம் சுரண்டி எடுக்க வேண்டும். விரிசலில் அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு நாலு செங்கல் வரும்; வெட்டி, வேரைச் சாகடித்துவிட்டு, அப்புறம்தான் அடைக்க வேண்டும்.

சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டதாக இருக்கட்டும். நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது ஒரு மாதம் கிடக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத குறுணை பூசின பிறகு சுவரில் பொரிந்து கொப்புளம் விடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஈரம் அதிகமான அடிச்சுவரில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள். இடித்த கடுக்காயும் வெல்லமும் பத்து நாளுக்குக் குறையாமல் ஊறிய தண்ணீரில் சாந்தை அரைக்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூச வேண்டும். முதல் பூச்சு இறுகாமல் அடுத்ததற்குக் கரணையை, அதாவது பூச்சுக் கரண்டியை, எடுக்கக் கூடாது. நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் காய வைக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நின்று வெடிக்கும். தை, மாசிதான் இதற்குக் காலம்.

இவ்வளவையும் நீங்களே மனோராவில் செய்துவிடலாம் என்று சொல்லவில்லை. அது பொதுச் சொத்து. அனுமதியில்லாமல் அதில் கரணை வைப்பது தவறு. மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மனுக் கொடுங்கள். உதிர்ந்த இடத்தைக் கிட்டத்திலிருந்து ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம், எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை அடி என்ற குறிப்பு, மூன்றும் இணைத்து, "சுண்ணாம்புக் காரையாலேயே பழுது பார்க்க வேண்டும்" என்று அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். பொத்தாம் பொதுவாகப் "பராமரிக்க வேண்டும்" என்று எழுதினால் சிமென்ட்தான் வரும்.

கேட்டதை மறந்துவிட்டேனே. மன்னார்குடி, பட்டுக்கோட்டை வழியாகப் போங்கள். பட்டுக்கோட்டையிலிருந்து மல்லிப்பட்டினம் பக்கம் சுமார் 20 கிலோமீட்டர். மே மாதம் என்றால் காலை ஒன்பதுக்குள் பார்த்து முடித்துவிடுங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. பழைய நிழலை நம்பிப் போகாதீர்கள்.

திரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கும்பகோணத்தில் உங்களில் யாருக்காவது பழைய செங்கல் வீடு இருக்கும். அதில் உப்புப் பூத்த சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரை வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, தையில் பூசிப் பாருங்கள். ஒரு ஐப்பசி மழை கழிந்ததும் சுவர் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.