காங்கோவில் எத்தனை பேர்?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஆப்பிரிக்கா பாடம் நடத்தும்போது காங்கோ ஜனநாயகக் குடியரசின் மக்கள்தொகை எவ்வளவு என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு புத்தகத்தில் 8 கோடி, இன்னொன்றில் 10 கோடி, இணையத்தில் ஓரிடத்தில் 12 கோடி என்று இருக்கிறது. கரும்பலகையில் எதை எழுதுவது? இன்னும் சில சந்தேகங்களும் உண்டு. அவ்வளவு பெரிய ஆறு இருந்தும் கடலிலிருந்து கப்பல் ஏன் உள்ளே போக முடிவதில்லை? சதுர கிலோமீட்டருக்கு 45 பேர்தான் என்றால் நாடு பெரும்பாலும் ஆளில்லாத காடுதானா? இவ்வளவு கனிமம் இருந்தும் ஏன் வறுமை? மக்கள் அளவுக்கு மீறிப் பெருகியதுதான் காரணமா? வகுப்புக்காக நான் வரைந்த வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன்.

செல்வி

அன்புள்ள செல்வி,

உங்கள் மாணவியிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: அவள் கேட்ட கேள்விக்கு அந்த நாட்டு அரசிடமே விடை இல்லை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சில மாதங்களாக இதே கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றை முதலில் முடித்துவிடுவோம். உள்நாட்டு நகரமான கிசங்கானியிலிருந்து தலைநகர் கின்ஷாசா வரை ஏறத்தாழ 1,700 கி.மீ. தூரம் படகு ஓடும். கின்ஷாசாவுக்குக் கீழே மட்டாடி துறைமுகம் வரும்வரை ஆறு சுமார் 270 மீட்டர் இறங்குகிறது, வழி நெடுக அருவிகளும் பாறைப் பாய்ச்சல்களும்தான். எந்தக் கப்பலும் அதில் ஏறாது. அதைச் சுற்றிப் போகவே 1890 முதல் 1898 வரை ரயில்பாதை போட்டார்கள். இன்று அதன் நீளம் 366 கி.மீ. கடற்கரை 40 கி.மீ.கூடக் கிடையாது. இவ்வளவும் எந்த நல்ல நிலப்படத்திலும் இருக்கிறது. எனக்கு எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம்.

வறுமைக் கேள்வியை இங்கே எடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். ஒரே கடிதத்தில் நாடு ஆளில்லாக் காடா என்றும் கேட்கிறீர்கள், மக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்களா என்றும் கேட்கிறீர்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதை எழுதும்போது கவனிக்கவில்லையா? ஆசிரியர் கவனிக்காமல் சொல்வதை நாற்பது பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள்.

எண்ணுக்கு வருகிறேன். காங்கோவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984 ஜூலை 1-ஐ மையமாக வைத்து. அப்போது நாட்டின் பெயர் ஜயர். ஏறக்குறைய 3 கோடிப் பேர் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு பலமுறை அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போயிருக்கிறது. நீங்கள் பார்த்த 8, 10, 12 எதுவும் எண்ணிப் பார்த்துக் கிடைத்ததல்ல. எல்லாம் மதிப்பீடு.

மதிப்பீடு எப்படி விலகிப் போகும் என்பதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். 3 கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூடுகிறது என்று வைத்து 40 ஆண்டு பெருக்கினால் 8 கோடி வரும். 3 விழுக்காடு என்றால் 9.8 கோடி. 3.5 என்றால் 11.9 கோடி. விழுக்காட்டில் அரைப் புள்ளி மாறினால் ஏறத்தாழ 2 கோடிப் பேர் தோன்றுகிறார்கள், அல்லது மறைகிறார்கள். ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 2024-க்குச் சொல்வது 10.9 கோடி. அவர்கள் ஒரே வீதத்தை வைத்துப் பெருக்குவதில்லை. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் தொடங்கும் தளம் பழையது, இடையில் சரிபார்க்க இன்னொரு எண்ணிக்கையும் இல்லை.

பிறப்பு, இறப்புப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். 2013–14 சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்குத்தான் பிறப்புப் பதிவு இருந்தது. அதே ஆய்வு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6.6 குழந்தைகள் என்று சொன்னது. அந்த ஆய்வு சுமார் 18,000 வீடுகளில் நடந்த மாதிரி ஆய்வு. எந்த வீடுகள் என்று தேர்ந்தெடுக்க ஊர்ப் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? 1984-லிருந்தும், அதற்குப் பிறகு ஒட்டுப்போட்ட பட்டியல்களிலிருந்தும்தான்.

வாக்காளர் பட்டியலும் கைகொடுக்காது. அங்கே நாடு தழுவிய அடையாள அட்டை பல பத்தாண்டுகளாக வழங்கப்படவில்லை. சோதனைச் சாவடியானாலும் வங்கியானாலும் வாக்காளர் அட்டையைத்தான் காட்ட வேண்டும். ஆகவே 16 வயதுப் பையனும் பதினெட்டு என்று சொல்லி அட்டை வாங்குவான். தொலைத்தவர் மறுபடி பதிவு செய்வார். மாகாணத்துக்கு எத்தனை நாடாளுமன்ற இடங்கள் என்பதும் பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கப்படுகிறது. கூட்டிக் காட்டுவதால் யாருக்கு லாபம் என்று விளங்குகிறதல்லவா? 2018 தேர்தலுக்கு முன் 4.6 கோடிக்கு மேல் பதிவானது. இரட்டைப் பதிவையும் வயது குறைந்தோரையும் நீக்கியபின் அது 4 கோடி ஆனது. 2023 தேர்தலில் மசிசி, ருட்ஷூரு, குவாமூத் பகுதிகளில் சண்டையினால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.

கணக்கெடுப்பை நடத்திவிட வேண்டியதுதானே என்பீர்கள். பணம் இல்லை, போர் இருக்கிறது. இந்த இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் புவியியல் ஆசிரியை கேட்க வேண்டிய மூன்றாவது ஒன்று உண்டு. பூமத்திய ரேகை அந்த நாட்டை அறுத்துக்கொண்டு போகிறது. மூன்றில் ஒரு பங்கு வடக்கே, மற்றது தெற்கே. தெற்கில் மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லை. வடக்கில் மழையில்லாத காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நடுவில் ரேகையை ஒட்டிய படுகையில் ஆண்டு முழுக்க மழை. நாடு முழுக்கச் சாலை காய்ந்திருக்கும் ஒரு மாதம் கிடையாது. 1984-இல் ஜூலையைத் தேர்ந்தெடுத்தபோது தெற்கே கட்டாங்கா காய்ந்திருந்தது, வடக்கே உவேலேயில் மழைக்காலம். இந்த மழை மாற்றம்தான் காங்கோ ஆற்றை ஆண்டு முழுவதும் வற்றாமல் வைத்திருக்கிறது. கணக்கெடுப்பாளரைச் சேற்றில் சிக்க வைப்பதும் அதுவேதான்.

வேலையின் அளவையும் பாருங்கள். முதலில் நாட்டைத் துண்டு துண்டாக வரைபடமாக்க வேண்டும். ஒரு துண்டு என்பது ஓர் ஆள் குறித்த நாட்களுக்குள் நடந்து முடிக்கக்கூடிய 100 முதல் 150 வீடுகள். 23.45 லட்சம் சதுர கி.மீ. நிலத்தில் இப்படிப் பல்லாயிரம் துண்டுகள். எல்லைக்கு ஓடையையோ பாதையையோ வைக்கிறார்கள். ஓடை வெள்ளத்தில் இடம் மாறும், பாதையைக் காடு மூடும். அப்போது ஒரு குக்கிராமம் இரண்டு துண்டிலும் விழும், அல்லது எதிலும் விழாது. படுகையில் தண்ணீர் வடியும் பருவத்தில் குடும்பமே வாரக்கணக்கில் மீன்பிடி முகாமுக்குப் போய்விடும். ஊரில் எண்ணினால் வீடு பூட்டியிருக்கும். முகாமோ படத்திலேயே இருக்காது. வரைபட வேலைக்கும் எண்ணும் வேலைக்கும் இடையில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விழுந்தால் வரைந்ததெல்லாம் வீண். இந்த இடத்தில்தான் முயற்சிகள் சாகின்றன.

அண்மையில் வேறொரு வழி வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் கட்டடக் கூரைகளைக் குறித்துக்கொள்வது, தேர்ந்தெடுத்த சில சிறு துண்டுகளில் மட்டும் ஆள் அனுப்பி முழுதாக எண்ணுவது, இரண்டையும் இணைத்து மற்ற இடங்களுக்குக் கணிப்பது. கின்ஷாசா, கோங்கோ சென்ட்ரல், குவாங்கோ, குவிலு, மை-ண்டோம்பே ஆகிய ஐந்து மேற்கு மாகாணங்களுக்கு இப்படிச் செய்தார்கள். நல்ல வேலை. ஆனால் மரக்கிளைக்குக் கீழே இருக்கும் குடிசை வானத்திலிருந்து தெரியாது. கின்ஷாசாவில் ஒரே மனைக்குள் நான்கைந்து குடும்பம் இருக்கும், பக்கத்துக் கூரை கிடங்காக இருக்கும். கிழக்கில் ஒரு ஊரே ஓடிப்போன பிறகும் கூரைகள் மாதக்கணக்கில் நிற்கும். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 2024-இல் 70 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். கிழக்கு நகரமான கோமாவைச் சுற்றியிருந்த முகாம்கள் 2025 தொடக்கத்தில் நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையிடம் விழுந்ததும் சில வாரங்களில் கலைந்தன. அவர்களை எந்த ஊர்க்கணக்கில் சேர்ப்பது?

வெறும் எண்ணுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று நினைக்காதீர்கள். தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். நாடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுகாதார மண்டலங்களாகவும், ஒவ்வொன்றும் சிறு சிறு சுகாதாரப் பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் 10,000 பேர் என்று ஏட்டில் இருந்தால், அதில் சுமார் 3.5 விழுக்காடு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று வைத்து 350 பேருக்கு ஊசி ஒதுக்குவார்கள். உண்மையில் அங்கே 15,000 பேர் இருந்தால் குழந்தைகள் 525. செவிலியர் 350 பேருக்குப் போட்டு நூறு விழுக்காடு என்று எழுதி அனுப்புவார். பொய் சொல்லவில்லை, அவரிடம் இருக்கும் ஏட்டின்படி அது சரிதான். ஆனால் உண்மையில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குத்தான் ஊசி போயிருக்கிறது. தட்டம்மை பரவாமல் நிற்க 95 விழுக்காடு வேண்டும். பக்கத்துப் பகுதியில் கடன் வாங்கி 420 பேருக்குப் போட்டாரானால் அறிக்கையில் 120 விழுக்காடு வரும். அது சாதனை அல்ல, வகுக்கும் எண் தப்பு என்பதன் அடையாளம். தட்டம்மை ஊசிக் குப்பியில் பத்து பேருக்கான மருந்து. திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஆகையால் கணக்கு குறைந்தால் மருந்து போதாது, கூடினால் வீணாகும். ஆண்டுக்கு 175 குழந்தைகள் விடுபட்டால் ஐந்தாண்டில் அந்த ஒரு பகுதியில் மட்டும் 875 குழந்தைகள் பாதுகாப்பில்லாமல் இருப்பார்கள். 2019-இல் அந்த நாட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தட்டம்மை கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். போர், சாலை, குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. எண்ணப்படாததற்கும் உண்டு. இதைப் படித்த பிறகும் ‘ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போகிறேன்’ என்று உங்களால் சொல்ல முடியாது என்று நம்புகிறேன்.

‘சதுர கிலோமீட்டருக்கு 45’ என்பதை அழித்துவிடுங்கள், தயவுசெய்து. அந்தச் சராசரியில் அங்கே யாரும் வாழவில்லை. கிழக்கே கிவு மலைச் சரிவுகளில் எரிமலை மண், 1,500 மீட்டருக்கு மேல் குளிர்ந்த காற்று, மலேரியா குறைவு. வாழையும் பீன்ஸும் ஆண்டுக்கு இரண்டு போகம் வரும். வீட்டை ஒட்டி வீடு. வடக்கே பா-உவேலே மாகாணம் 1.48 லட்சம் சதுர கி.மீ., தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே மக்கள் பத்து லட்சம் சொச்சம்தான். கின்ஷாசா மாகாணத்துக்குள்ளேயே பாருங்கள்: 9,965 சதுர கி.மீ.யில் பெரும்பகுதி மலுக்கு என்ற ஒரே வட்டத்தின் புல்வெளி. ஒன்றரைக் கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்படும் நகரம் மிச்சமிருக்கும் மூலையில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது.

காடு ஆளில்லாததா என்று கேட்டீர்கள். ஆள் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1955 முதல் 57 வரை, அப்போது நாட்டை ஆண்ட பெல்ஜியர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில் பெரிய மாதிரி ஆய்வு நடத்தினார்கள். அதை அலசியவர்களில் முக்கியமானவர் மக்கள்தொகை ஆய்வாளர் அனத்தோல் ரொமானியுக். மோங்கோ, அசாண்டே மக்கள் வாழும் வடக்கு, நடுப்பகுதி மாவட்டங்கள் சிலவற்றில் பிள்ளைப்பேறு வயதைக் கடந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஒரு குழந்தையும் பெற்றிருக்கவில்லை. பால்வினை நோயால் வந்த மலட்டுத்தன்மை அது. ரப்பர், பருத்தி, கட்டாய உழைப்பு என்று மக்களை ஊர் ஊராக இழுத்தடித்த காலனி ஆட்சியின் தடத்தில் பரவிய நோய். அதற்கும் முன்னால் ட்செட்சே ஈ பரப்பும் தூக்கநோய் வேறு. உங்கள் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடத்தில் பிறக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள் செல்வி. அதை ‘காலி’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: ‘1984 கணக்கெடுப்பு: சுமார் 3 கோடி. அதன்பின் கணக்கெடுப்பு இல்லை. 2024 ஐ.நா. மதிப்பீடு: 10.9 கோடி.’ மூன்று வரி. தேர்வுக்குக் கடைசி வரி போதும். ஆனால் மூன்றையும் எழுதி, பக்கத்தில் அந்தப் பெருக்கலையும் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

நீங்கள் இணைத்திருக்கும் வரைபடத்தில் 11 மாகாணங்கள் இருக்கின்றன. அது 2015-க்கு முந்தையது. இப்போது 26. பழைய ஒரியன்டால் மாகாணத்தை ஒரே நிறத்தில் தீட்டியிருக்கிறீர்கள். அது ட்ஷோப்போ, பா-உவேலே, ஓ-உவேலே, இட்டூரி என்று நான்காகப் பிரிந்துவிட்டது. இட்டூரியின் கிழக்கு மேட்டில் மக்கள் நெருக்கம் மிக அதிகம், பா-உவேலேயில் மிகக் குறைவு. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்து மறுபடி வரையுங்கள்.