முன்னால் சைக்கிள் போகிறது: முந்துவதா, காத்திருப்பதா?

கேள்வி: நீலாங்கரையில் குடியிருக்கிறேன். வேலை மாமல்லபுரம் பக்கம். காலை ஐந்தரைக்கே காரில் கிளம்பிவிடுவேன். ஈசிஆரில் அந்த நேரத்தில் சைக்கிள் குழுக்களும் ஜாகிங் போகிறவர்களும் நிறைய. ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காமல் முந்தினால் திடுக்கிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் கையை நீட்டித் திட்டியே விட்டார். இத்தனைக்கும் நான் வேகமாகப் போகவில்லை, யாரையும் இடிக்கவும் இல்லை. எவ்வளவு தள்ளிப் போனால் போதும்? இரண்டு பேர் அருகருகே ஓட்டிக்கொண்டு போவது சரியா? என் மனைவியும் அதே பகுதியில் காலையில் ஓடுகிறார். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: உங்களைத் திட்டியவர் ஏன் திட்டியிருப்பார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அரை மீட்டர் இடைவெளியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிளைக் கடந்தால் காருக்குள் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிளில் இருப்பவருக்கோ ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி முழங்கைப் பக்கத்தில் சீறிக்கொண்டு போயிருக்கும். அந்த நொடியில் முன்னால் ஒரு சின்னக் குழி வந்திருந்தால்கூட அவரால் ஒதுங்கியிருக்க முடியாது. இடிக்கவில்லை என்பது போதாது. அவர் தடுமாறினாலும் உங்கள் வண்டி அவர் மேல் படாத அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு இடம்? 2022-ல் திருத்தப்பட்ட பிரிட்டன் சாலை விதி நூல், மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கி.மீ. வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தக் குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். சாலையில் நடப்பவர் என்றால் 2 மீட்டர், அதுவும் மெதுவாக. ஜெர்மனியில் ஊருக்குள் 1.5, ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமே இருக்கிறது. இந்த அளவுகளை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளக்க வேண்டியது உங்கள் இடது சைடு மிரரின் நுனியிலிருந்து அவருடைய ஹேண்டில்பார் நுனி வரை.

இதைச் சாலையில் பொருத்திப் பாருங்கள். ஒரு லேன் சுமார் 3.5 மீட்டர் அகலம். சைக்கிள்காரர் ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே ஓட்டுகிறார். ஹேண்டில்பாரையும் சேர்த்தால் ஒரு மீட்டர் போய்விட்டது. அதற்கு மேல் நீங்கள் விட வேண்டிய 1.5 மீட்டர். மிரர்களோடு சேர்த்து உங்கள் கார் ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் நாலரை மீட்டர் வருகிறது. ஆக, ஒரு சைக்கிளை அதே லேனுக்குள் பாதுகாப்பாக முந்தவே முடியாது. லேன் கோட்டின் மேல் ஒரு சக்கரத்தை வைத்து அப்படியே நழுவிப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதுதான் சிக்கல். முன்னால் ஒரு கார் மெதுவாகப் போனால் எப்படி இண்டிகேட்டர் போட்டு முழுசாக அடுத்த லேனுக்கு மாறுவீர்களோ, சைக்கிளுக்கும் அதையே செய்யுங்கள். ஈசிஆரில் அக்கரை என்ற இடத்தைத் தாண்டி மாமல்லபுரம் வரை நடுவே மீடியனோடு ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு வலது லேன் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.

முந்திய பிறகு உடனே இடது பக்கம் வெட்டாதீர்கள். உள் கண்ணாடியில் அந்த சைக்கிள் முழுசாகத் தெரிந்த பிறகு திரும்புங்கள். குழுவாக இருந்தால் கடைசி ஆளை அல்ல, முதல் ஆளைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

அருகருகே ஓட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே போட்ட கணக்கிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. எப்படியும் முழு லேன் மாறத்தான் வேண்டும் என்றால், அவர்கள் ஒருவராகப் போனாலும் இருவராகப் போனாலும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மீடியன் இல்லாத இருவழிச் சாலையில் அருகருகே போவது உங்களுக்கு உதவிகூடச் செய்கிறது. எட்டுப் பேர் வரிசையாகப் போனால் அந்த வரிசை சுமார் 26 மீட்டர் நீளும். ஜோடி ஜோடியாகப் போனால் அதில் பாதி. அவர்கள் 30-லும் நீங்கள் 50-லும் போகிறீர்கள் என்று வையுங்கள். நீண்ட வரிசையை முந்தி முடிக்கப் பத்துப் பதினோரு வினாடி ஆகும். அதற்குள் எதிரே 80-ல் வரும் வண்டியும் நீங்களும் சேர்ந்து ஏறக்குறைய 400 மீட்டரைத் தின்றுவிடுவீர்கள். ஜோடியாகப் போனால் 300 மீட்டர் காலியாக இருந்தால் போதும். இரண்டுமே நாம் கண்ணால் மதிப்பிடுவதை விட மிக அதிகம். நேர்க்குநேர் மோதல்கள் பலவும் இந்தத் தப்புக் கணக்கில்தான் நடக்கின்றன. மற்றபடி, மூன்று நான்கு பேர் சாலையை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுவது தவறு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர்களுக்குப் பாடம் புகட்டும் வேலையைக் காரை வைத்துச் செய்யக் கூடாது.

சரி, ஹாரன். பின்னால் பத்து மீட்டரில் வந்து ஓங்கி அடித்தால் என்ன ஆகும் என்று கவனித்திருக்கிறீர்களா? சைக்கிள்காரர் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் வலது பக்கம் கொஞ்சம் இழுக்கும். அதாவது நீங்கள் எந்தப் பக்கம் முந்த வருகிறீர்களோ அதே பக்கம் அவரும் வருவார். பந்தய சைக்கிள்களில் பலருடைய ஷூ பெடலோடு மாட்டியிருக்கும். குதிகாலை வெளிப்பக்கம் முறுக்கினால்தான் விடுபடும், சட்டென்று காலை ஊன்ற முடியாது. எனவே அடிப்பதென்றால் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளியே, ஒரே ஒரு சின்ன ஒலி, 'பின்னால் வண்டி வருகிறது' என்று சொல்வதற்கு மட்டும். பக்கத்தில் வந்துவிட்டால் கை ஹாரனுக்குப் போகவே கூடாது, பிரேக்தான்.

ஓரமாகப் போனால் என்ன என்று பலரும் கோபப்படுகிறார்கள். ஈசிஆரின் ஓரத்தில் ஒரு நாள் நடந்து பாருங்கள். தாருக்கு மேல் மணல் படர்ந்திருக்கும். 25, 28 மில்லிமீட்டர் டயர் அதில் ஏறினால் வழுக்கிவிடும். சில இடங்களில் தார் முடிந்து மண் விரல் ஆழம் இறங்கியிருக்கும். நின்றிருக்கும் காரின் கதவு திறக்கலாம். எல்லாவற்றையும் விட மோசம், யூ டர்ன் தூரம் என்று அந்த ஓரத்திலேயே எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள். அப்படி ஒன்று வந்தால் சைக்கிள்காரருக்கு வலது பக்கம் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவருக்கு இருபது மீட்டர் முன்னால் என்ன இருக்கிறது என்று நீங்களும் பார்த்துக்கொண்டே வந்தால், அவர் எப்போது விலகுவார் என்பது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். முட்டுக்காடு பாலத்தின் மேல் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மறைப்பே கிடையாது, காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெரிய வண்டி ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று மறுபடி அடிக்க, சைக்கிள் ஆடிப்போகும். பாலம் முடியும் வரை பின்னாலேயே போய்விடுங்கள்.

பின்னாலேயே போனால் எவ்வளவு நேரம் வீணாகும்? அறுபதில் போக வேண்டியவர் அரை நிமிடம் இருபத்தைந்தில் போனால் இழப்பது 18 வினாடிக்கும் குறைவு. அடுத்த சிக்னலில் அதற்கு மேல் நிற்பீர்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முந்தத் தெரிவதை விடப் பின்னால் பொறுமையாக வரத் தெரிவது பெரிய திறமை.

இன்னொரு இடம், சந்துத் திருப்பம். கடற்கரைப் பக்கத் தெருவுக்குள் இடது திரும்ப வேண்டியவர், முன்னால் போகும் சைக்கிளை அவசரமாக முந்தி, உடனே அதன் குறுக்கே திரும்புவார். சைக்கிள்தானே, மெதுவாகத்தான் வரும் என்ற நினைப்பு. பயிற்சி உள்ளவர்கள் 30, 35 வரை போகிறார்கள். திருப்பம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் முந்தாதீர்கள், அவர் போன பிறகு திரும்புங்கள்.

ஓடுபவர்களும் வாக்கிங் போகிறவர்களும் வேறு மாதிரி. அவர்கள் கண் பெரும்பாலும் தரையில் இருக்கும், காதில் பாட்டு இருக்கும். தேங்கிய தண்ணீரைக் கண்டால் யோசிக்காமல் சாலைக்குள் விலகுவார்கள். தெருநாய் துரத்தினால் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எனவே ஓடுபவரைப் பார்த்ததும் சுற்றிலும் நாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாலையின் அந்தப் பக்கம் ஒருவர் நிற்க, இந்தப் பக்கம் அவருடைய துணை நின்றால், இருவரில் ஒருவர் கடக்கப் போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே பிரிட்டன் நூலின் கணக்கில், 48 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஆபத்தைக் கண்டு முழுசாக நிற்க 23 மீட்டர் ஆகிறது. 80 என்றால் 53 மீட்டர். கறுப்புச் சட்டை போட்டு நடப்பவர் லோ பீம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்தில் தெரிய மாட்டார். அதற்காக ஹை பீமிலேயே போவதும் ஆகாது. எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் ஓடுபவருக்கும் கண் கூசிக் குழி தெரியாமல் போகும், டிப் செய்தாக வேண்டும். மிஞ்சுவது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். காரின் முன்பக்கம் மோதிய பாதசாரி இறக்கும் வாய்ப்பு, வேகம் 50-லிருந்து 65 ஆகும்போது நான்கரை மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூரியன் வந்த பிறகும் ஆபத்து குறைவதில்லை. சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வரும் இணைப்புச் சாலை கிழக்கு நோக்கிப் போகிறது. காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போது முன்னால் போகும் சைக்கிள் கரைந்தே போய்விடும். அழுக்கான விண்ட்ஷீல்டு அதை இன்னும் மோசமாக்கும், கிளம்பும் முன் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

இதெல்லாம் புதிதாகப் பழகுபவர்களுக்கு நேர்வது என்று எண்ண வேண்டாம். இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவ்தார் சைனி, 2024 பிப்ரவரி 28 அன்று காலை நவி மும்பையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது டாக்ஸி மோதி இறந்தார். நூறு வயதுக்குப் பிறகும் மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் தன் சொந்த ஊருக்கு அருகே, ஜலந்தர் மாவட்டத்துச் சாலையில் வண்டி மோதித்தான் போனார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஹெல்மெட்டும் பளபளக்கும் சட்டையும் போட்ட குழுவுக்கு ஒதுங்கிக் கொடுப்பவர்கள்கூட, இரவு வேலை முடிந்து பழைய சைக்கிளில் வீடு திரும்பும் வாட்ச்மேனையோ, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு கட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறவரையோ ஓரங்கட்டிவிடுகிறார்கள். அவருக்குப் பின்விளக்கு கிடையாது, மட்கார்டில் ஒரு சிவப்புச் சில்லு இருந்தால் பெரிசு. அவருக்கும் அதே ஒன்றரை மீட்டர்தான்.

நிறுத்தும்போது கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் வலது கதவை இடது கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே வலது பக்கம் திரும்பி, பின்னால் வருவது கண்ணில் படும். இடது பக்கம் இறங்குபவர் வலது கையால். பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள்.

அப்புறம் உங்கள் மனைவிக்கு. நடைபாதை இருந்தால் அதில். இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடச் சொல்லுங்கள். வருவதைக் கண்ணால் பார்க்கலாம், ஒதுங்க நேரம் கிடைக்கும். பார்க்க முடியாத வளைவுகளில் மட்டும் முன்கூட்டியே மறுபக்கம் மாறிவிட வேண்டும். வெளிர் நிறச் சட்டை இருட்டில் ஓரளவுக்குத்தான் உதவும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டால், மேலும் கீழும் அசையும் அந்த மினுக்கலைப் பார்த்ததுமே ஆள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். ஒரு காதையாவது திறந்து வைக்கட்டும். தோழிகளோடு ஓடினால், வண்டி வரும்போது ஒருவர் பின் ஒருவராக மாறிவிட வேண்டும்.

என்ன கவனமாக இருந்தும் யாராவது விழுந்துவிட்டால், அது உங்களால் நேர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நிறுத்துங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி ஒருவரை நிற்க வையுங்கள். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்பவரைத் தொல்லையிலிருந்து காக்க, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உங்கள் வழியில் அப்படி எந்தெந்த மருத்துவமனைகள் இருக்கின்றன என்று இன்றைக்கே விசாரித்து, போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.