இரவில் காலியாகும் பிஸ்கட் டப்பா

கேள்வி: எனக்கு 34 வயது. பகலில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். இரவில் வீடு அடங்கியதும் சமையலறையில் நின்றபடியே கையில் அகப்பட்டதையெல்லாம் தின்று தீர்க்கிறேன். பசி இருப்பதில்லை, ஆனால் நிறுத்தவும் முடிவதில்லை. காலி உறைகளைக் குப்பைக்கூடையின் அடியில் ஒளித்து வைக்கிறேன். மறுநாள் பட்டினி கிடக்கிறேன். இது நோயா, நாக்கை அடக்கத் தெரியாத குணமா?

பதில்: குணமல்ல. பசியில்லாமல், வேகவேகமாக, யாரும் பார்க்காதபோது உண்பது, பிறகு தன்மேலேயே அருவருப்புக் கொள்வது, எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்த முடியாமல் தவிப்பது: இது வாரம் ஒரு முறையாவது என்று மூன்று மாதம் நீடித்தால் மிகையுண்ணல் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. உடல் பருத்தவர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல.

'மறுநாள் பட்டினி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஓர் ஆய்வுக்குத் தாமாக முன்வந்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி உணவுதான். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு முட்டிய பின்பும் உண்டுகொண்டே இருந்தார்கள். பட்டினி போட்ட உடல் அப்படித்தான் பழிவாங்கும்.

இந்த இரவுத் தீனியில் பாதி உடலின் கணக்கு, மீதி மனத்தினுடையது. சண்டை, தனிமை, அவமானம், வெறும் சலிப்பு எதுவாயினும், வாய் மெல்லும் சில நிமிடங்களுக்கு அந்த வலி மரத்துப்போகிறது. அந்த நிம்மதி பொய்யல்ல. அதனால்தான் கை மறுபடியும் டப்பாவுக்குப் போகிறது. பின்னாலேயே குற்ற உணர்வு வருகிறது, அதை ஆற்ற மறுபடியும் தீனி.

ஆகவே, எவ்வளவு தின்றிருந்தாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடாதீர்கள். ஒரு நோட்டில், என்ன தின்றீர்கள் என்பதோடு, அதற்கு அரை மணி முன்பு என்ன நடந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம். அது உங்களை மறுபடி பட்டினிக்கே தள்ளும்.

அந்த நோட்டோடு ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். இதற்கு நன்கு பலன் தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் முறை. தின்றதை வாந்தியெடுத்தோ பேதி மருந்து விழுங்கியோ வெளியேற்றும் பழக்கம் இருந்தால், முதலில் மருத்துவரிடம் போங்கள்: பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். கேட்க யாருக்கும் கூச்சமாக இருக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.