மெஷின் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி ஆலை நடத்துகிறேன். தானியங்கி உடைப்பு மெஷின் 10 லட்சம். கூலி குறையும், பருப்பு உடைசலும் குறையும், ஆண்டுக்கு 3 லட்சம் மிச்சம், மூன்று வருடம் நான்கு மாதத்தில் முதல் திரும்பிவிடும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: முதல் எப்போது திரும்பும் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலாம் வருடம் வரும் 3 லட்சமும் இந்த வருடம் வரும் 3 லட்சமும் ஒன்றல்ல. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் 10 லட்சத்தோடு ஒப்பிட வேண்டும்.

அதற்கு ஒரு விகிதம் தேவை. வங்கி 11 சதவீதத்துக்குக் கடன் தருகிறது என்பதால் அதையே வைக்கக் கூடாது. நீங்கள் போடும் சொந்தப் பணத்துக்கு அதைவிட ஆபத்து அதிகம். இங்கே 14 சதவீதம் வைப்போம். முதல் வருடச் சேமிப்பை 1.14 ஆல் வகுங்கள்: 2,63,158 ரூபாய். இரண்டாம் வருடத்ததை இரண்டு முறை வகுங்கள்: 2,30,840. இப்படி ஐந்து வருடம் போனால் கூட்டுத்தொகை சுமார் 10.30 லட்சம். ஐந்தாம் வருட முடிவில் மெஷினை 1 லட்சத்துக்கு விற்றால் அதன் இன்றைய மதிப்பு 52,000. ஆக 10.82 லட்சம், 82,000 ரூபாய் லாபம்.

வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் சேமிப்பு 3 லட்சத்துக்குப் பதில் இரண்டரை லட்சமாக நின்றால் இதே கணக்கில் 90,000 நஷ்டம். சமன் ஆகும் புள்ளி சுமார் 2.76 லட்சம். அதாவது விற்பனையாளர் சொன்ன மிச்சம் 8 சதவீதம் குறைந்தாலே இந்த முதலீடு தேறாது. கொட்டை வரத்து குறைந்து மெஷின் சில வாரம் சும்மா கிடந்தாலே அந்த 8 சதவீதம் போய்விடும். எனவே ஏற்கெனவே அதே மெஷினை ஓட்டுகிற ஆலையில் ஒரு மூட்டைக்கு எவ்வளவு முழுப்பருப்பு கிடைக்கிறது என்று நேரில் எடை போட்டுப் பாருங்கள். விற்பனையாளரின் தாளை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். 3 லட்சம் என்பது மின்சாரம், பராமரிப்பு, வருமான வரி எல்லாம் கழித்த தொகையாக இருக்க வேண்டும். தேய்மானம் (மெஷின் பழசாவதற்காகக் கணக்கில் குறைக்கும் மதிப்பு) கையிலிருந்து போகும் பணமல்ல, அதைக் கழிக்கக் கூடாது; அதனால் குறையும் வரியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். கடன் வட்டியையும் கழிக்காதீர்கள், அது 14 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடிந்தால் மெஷின் விலையில் அதைச் சேர்க்க வேண்டாம். எக்ஸெலில் என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு) சூத்திரம் போடுகிறவர்கள் 10 லட்சத்தை அடைப்புக்குள் சேர்த்துவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் முதல் தொகையையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் பணத்தை வெளியே தனியாகக் கழியுங்கள்.

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் பேக்கிங் பெட்டி தயாரிக்கிறோம். லாபக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓ.டி. (வங்கி தரும் மிகைப்பற்றுக் கடன்) எப்போதும் முழுக்க எடுத்தபடியே நிற்கிறது. ஏன்?

பதில்: லாபம் உங்கள் வாடிக்கையாளரிடம் பாக்கியாக நிற்கிறது. தினசரி விற்பனை 20,000, வசூலாக 75 நாள் என்றால் வெளியே முடங்கியது 15 லட்சம். அதை 45 நாளாக்கினால் 6 லட்சம் விடுபடும்; 11 சதவீத ஓ.டி. வட்டியில் ஆண்டுக்கு 66,000 மிச்சம். விற்பனை கூடக் கூட இந்த முடக்கமும் கூடும் என்பதால் புது ஆர்டர் எடுக்கும்போதே வசூல் நாளையும் பேசுங்கள். உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் துணை நிற்கிறது: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

கேள்வி: நான் பி.காம். படித்தவளில்லை. நிதி நிர்வாகத்தை எங்கிருந்து கற்கத் தொடங்குவது? – கடலூர் வாசகி

பதில்: ரொக்க ஓட்ட அறிக்கையிலிருந்து. நெய்வேலி என்.எல்.சி.யின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தொழிலில் வந்த பணம், முதலீட்டுக்குப் போன பணம், கடனாக வந்து போன பணம் என்று மூன்று பகுதியாக இருக்கும். மூன்று ஆண்டுகளை அருகருகே எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் கடையின் வங்கிப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வரியையும் அதே மூன்று பகுதிகளில் பிரித்து எழுதுங்கள்.