வாசகர் கேள்வி: தமிழ் புரிகிறது, பேச மாட்டேன் என்கிறாள்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். மகளுக்கு நாலரை வயது. நாங்கள் பேசும் தமிழ் புரிகிறது; பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. தமிழ்க் கதைப் புத்தகத்தை எடுத்து வாசித்தால் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். என்ன செய்வது?

பதில்: கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தை மூடி வையுங்கள். வீட்டில் "விழுந்துடுச்சு" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, புத்தகத்தில் வரும் "விழுந்துவிட்டது" வேறு மொழி மாதிரிதான். வாயால், பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்.

பாட்டி வடை சுட்ட கதையே போதும். நாலு நிமிடம் தாண்ட வேண்டாம். பாட்டி, வடை, காக்கா, நரி, மரம். சுட்டாங்க, எடுத்துச்சு, பறந்துச்சு, கேட்டுச்சு, விழுந்துச்சு. இந்தப் பத்துச் சொல்லுக்குள் கதை நடக்கட்டும். கையில் நிஜ வடையோ, சப்பாத்தி மாவில் தட்டியதோ இருக்கட்டும். "காக்கான்னா க்ரோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை சொன்னால், அடுத்த வரிக்கும் ஆங்கிலம் வரும் என்று காத்திருப்பாள். தமிழைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கையை விரித்துப் பறந்து காட்டினால் "பறந்துச்சு" தானாகப் புரியும்.

இரண்டு நாள் சும்மா கேட்கட்டும். மூன்றாம் நாள், "காக்கா வாயத் தொறந்துச்சா... வடை கீழ..." என்று நிறுத்தி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் நாமே முடித்துவிடுவதுதான் வழக்கம். பிள்ளை வாய் திறக்க வேண்டிய இடம் அங்கேதான் போய்விடுகிறது. "இட் ஃபெல்" என்றாளானால் "தமிழ்ல சொல்லு" என்று அதட்டாமல், "ஆமா, விழுந்துச்சு!" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். ஐந்தாம் நாள் காக்கா வடைக்குப் பதில் தோசையைத் தூக்கட்டும். சிரித்துக்கொண்டே உங்களைத் திருத்துவாள், பாருங்கள்.

தினமும் அதே வார்த்தைகளில் சொல்வது மிக முக்கியம். நமக்கு அலுக்கும், அவளுக்கு அலுக்காது. "காக்கா காக்கா, ஒரு பாட்டுப் பாடேன்" என்பது அப்படியே மொத்தமாக வாயில் ஒட்டும். இன்று "பாடேன்", நாளை "பாடிக் காட்டு" என்றால் எதுவும் ஒட்டாது.

சில வாரத்தில் "அம்மா வந்துச்சு" என்பாள். பதற வேண்டாம். கதையில் காக்காவுக்கும் நரிக்கும் வந்த "-ச்சு" என்ற சொல் முடிவை எல்லோருக்கும் போடுகிறாள். விதியைப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். கதையில் பாட்டிக்கு நாலு வரி கூட்டுங்கள்: பாட்டி வந்தாங்க, பாட்டி தேடினாங்க, பாட்டி பாத்தாங்க, பாட்டி திட்டினாங்க. அதுவே சரிசெய்துவிடும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தவர், டொராண்டோவில் வசிக்கிறோம். எந்தப் பேச்சுத் தமிழில் கதை சொல்வது?

பதில்: உங்கள் வீட்டுத் தமிழில். "வடை விழுந்திட்டுது" என்றே சொல்லுங்கள். பிள்ளை அம்மம்மாவோடு கதைக்கப் போவது அந்தத் தமிழில்தானே.

கேள்வி: புத்தகத்துக்கு எப்போது போகலாம்?

பதில்: கதையில் பாதியைப் பிள்ளையே சொல்லத் தொடங்கிய பிறகு. குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் தொடங்குங்கள். முதலில் படத்தைக் காட்டிப் பேச்சில் சொல்லுங்கள். பிறகு வரியில் விரல் வைத்து, "நாம விழுந்துச்சுன்னு சொல்றோம்ல, புத்தகத்துல விழுந்ததுன்னு எழுதுவாங்க" என்று வாசித்துக் காட்டுங்கள். "பழம்" என்பதைப் "பலம்" என்று வாசித்தால் அங்கே கதையை நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கே ழகரம் தாமதமாகத்தான் வரும்.