சிந்துவெளி மக்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்?

'பசுபதியை வணங்கினர்' என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சையில் அப்படியே எழுதிவிடுங்கள். ஆனால் விஷயம் அவ்வளவு உறுதியில்லை.

பசுபதி என்ற பேச்சுக்கே ஆதாரம், சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரைதான். அது தீப்பெட்டி அளவுகூட இல்லை, சுமார் 3.5 செ.மீ.தான். கொம்பு வைத்த தலையணியோடு ஒருவர் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. இதைச் சிவனின் முன்வடிவம் என்றவர் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். மேலே உள்ள எழுத்தையோ எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் யாரும் படிக்கவில்லை.

அப்புறம், கோயில் என்று அடித்துச் சொல்லும்படி அங்கே ஒரு கட்டடமும் இல்லை. இருப்பது சுமார் 12 மீட்டர் நீளப் பெருங்குளம். தண்ணீர் கசியாமலிருக்க நிலக்கீல் (தார் போன்ற பொருள்) பூசியிருக்கிறார்கள். வெறும் குளியலுக்கா இவ்வளவு மெனக்கெடுவார்கள்? எனக்கென்னவோ சடங்குக்குளம் என்றே படுகிறது.